பின்னக் கணக்குகளும் ஏற்ற எண்ணும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வித்துரா என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்கிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாறு என்னுமிடத்தைக் கடந்தபின் 22 கொண்டையூசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. ஏறும் பஸ் மெதுவாகச் செல்லும். இறங்கும் பஸ் சற்று விரைந்து வரும். இதைக் கொண்டு ஒரு கணக்கை அமைப்போம்.

ஒரு பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மலை ஏறுகிறது. மேலே தங்காமல் அதே வழியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. முழுப் பயணத்தின் சராசரி வேகம் யாது?

இக்கணக்கைப் பார்த்தவுடன் மாணவர்கள் பலரும் 25 என்று விடை கூறுவர். அது தவறு. எஞ்சியோர், "தூரம் கொடுக்கப்படவில்லையே, எவ்வாறு செய்வது?" என்று எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவர். இவ்விரு சாராருக்கும் உதவக்கூடிய எளிய முறை ஒன்று உண்டு. தூரம் கொடுக்கப்படவில்லையாயின் அதை நாமே வைத்துக்கொள்ளலாம். 20, 30 ஆகிய இரண்டாலும் மீதியின்றி வகுபடும் எண் 60. ஆகவே மலைப்பாதையின் நீளம் 60 கிலோமீட்டர் எனக் கொள்வோம். ஏறுவதற்கு 3 மணி; இறங்குவதற்கு 2 மணி. மொத்தம் 5 மணி நேரத்தில் 120 கிலோமீட்டர். எனவே சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்.

வித்துராவுக்கும் பொன்முடிக்கும் இடையே 60 கிலோமீட்டர் இல்லை என்பதை அவ்வூரார் யாவரும் அறிவர். நாம் வைத்துக்கொண்ட எண் பொய். கிடைத்த விடையோ மெய். பொய்யான எண்ணிலிருந்து மெய்யான விடை எவ்வாறு பிறக்கிறது? எப்போது பிறக்கும், எப்போது பிறக்காது? இவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

விடை மாறாமைக்குக் காரணம்

தூரத்தை 60க்குப் பதிலாக 30 எனக் கொண்டு பாருங்கள். ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. இரண்டரை மணியில் 60 கிலோமீட்டர். விடை மீண்டும் 24. தூரம் பாதியாயிற்று, ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் தனித்தனியே பாதியாயின. தூரத்தை நேரத்தால் வகுக்கும்போது மேலும் கீழும் அந்தப் பாதி நீங்கிவிடுகிறது. தூரத்தை ஏழு மடங்காக்கினாலும் இதுவே நிகழும். அஃதாவது, இக்கணக்கிலுள்ள அளவுகள் யாவும் ஒன்றோடொன்று நேர் விகிதத்தில் வளர்ந்து, நேர் விகிதத்தில் குறைகின்றன. அவற்றுள் ஒன்றின் உண்மை அளவு தெரியாவிடினும், அவற்றிடையேயுள்ள விகிதம் கெடுவதில்லை. கேட்கப்பட்ட விடை அவ்விகிதத்தை மட்டுமே சார்ந்திருப்பதால், நமக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொள்ள உரிமை உண்டாகிறது.

பின்னங்களின் இயல்பும் இதுவே. "மூன்றில் ஒரு பங்கு" என்பது முழுப்பொருள் எவ்வளவாயினும் அதன் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே முழுப்பொருளின் அளவு கூறப்படாத பின்னக் கணக்குகளில் இம்முறை சிறப்பாகப் பயன்படுகிறது.

முன்னோர் கையாண்ட முறை

இது இன்று நேற்று தோன்றியதன்று. கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எகிப்தில் ஆமெஸ் என்னும் எழுத்தர் ஒருவர் பழைய சுவடி ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தார். அப்பாப்பிரஸ் சுருள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. அதில் வரும் ஒரு கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 ஆகும், அவ்வளவு யாது? ஏழில் ஒரு பங்கு எளிதில் கிடைக்கும்படி 7 என்ற எண் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 7உடன் 1 சேர்ந்து 8. வேண்டியதோ 19. 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 கிடைக்குமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்க வேண்டும். அம்மடங்கு 2⅜. ஆகவே விடை 16⅝.

நம் நாட்டில் இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில் இம்முறைக்கு "இஷ்ட கர்மம்" என்று பெயர். இஷ்டமான எண்ணைக் கொண்டு செய்யும் கணக்கு என்பது பொருள். அந்நூலின் தாமரைக் கணக்கு புகழ் பெற்றது. ஒருவர் தம்மிடமிருந்த தாமரை மலர்களில் மூன்றில் ஒரு பங்கைச் சிவனுக்கும், ஐந்தில் ஒரு பங்கைத் திருமாலுக்கும், ஆறில் ஒரு பங்கைச் சூரியனுக்கும், நாலில் ஒரு பங்கைத் தேவிக்கும் சாத்தினார். எஞ்சிய 6 மலர்களைக் குருவுக்கு அளித்தார். மலர்கள் மொத்தம் எத்தனை?

3, 5, 6, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. மலர்கள் 60 எனக் கொள்வோம். பங்குகள் முறையே 20, 12, 10, 15, கூட்டுத்தொகை 57. எஞ்சுவது 3. கணக்கின்படி எஞ்ச வேண்டியது 6. இரு மடங்கு வேண்டியிருப்பதால் மலர்கள் 120. கணக்கு முழுவதிலும் ஒரு பின்னத்தையேனும் நாம் கூட்டவில்லை என்பதைக் கவனிக்க.

"எஞ்சியதில்" இன்ன பங்கு என்று படிப்படியாக வரும் கணக்குகளுக்கும் இது பொருந்தும். லீலாவதியிலேயே யாத்திரிகர் ஒருவரின் கணக்கு வருகிறது. அவர் தம் பணத்தில் பாதியைப் பிரயாகையில் கொடுத்தார். எஞ்சியதில் 2/9 பங்கைக் காசியில் கொடுத்தார். பின்னும் எஞ்சியதில் கால் பங்கு வழிச் சுங்கத்துக்குச் சென்றது. அதன்பின் எஞ்சியதில் 6/10 பங்கைக் கயையில் கொடுத்தார். கையில் 63 நிஷ்கம் மீந்தது. புறப்படும்போது அவரிடம் இருந்தது எவ்வளவு? 360 எனக் கொள்வோம். பாதி போக 180. அதில் 2/9 பங்காகிய 40 போக 140. கால் பங்காகிய 35 போக 105. அதில் 6/10 பங்காகிய 63 போக 42. மீதி 42க்குப் பதிலாக 63, அஃதாவது ஒன்றரை மடங்கு, வேண்டும். 360இன் ஒன்றரை மடங்கு 540. இதுவே விடை.

முறையை நான்கு படிகளாகத் தொகுத்துக் கூறலாம்.

1. முழுப்பொருளுக்கு வசதியான எண் ஒன்றை வைத்துக்கொள்க.
2. கணக்கில் கூறியபடி அவ்வெண்ணைக் கொண்டு இறுதிவரை செய்க.
3. கேட்கப்பட்டது விகிதமோ பின்னமோ சராசரியோ ஆயின், கிடைத்ததே விடை.
4. கேட்கப்பட்டது உண்மை அளவாயின், கிடைத்த முடிவையும் கணக்கில் தந்த முடிவையும் ஒப்பிட்டு, அம்மடங்கால் தொடக்க எண்ணைப் பெருக்குக.

எந்த எண் ஏற்ற எண்?

வகுக்க வேண்டிய பகுதி எண்கள் அனைத்தாலும் மீதியின்றி வகுபடுவதே ஏற்ற எண். நம் முன்னோர் இதை நாள்தோறும் கையாளும் அளவைகளிலேயே அமைத்துவிட்டனர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கற்ற சிறுவர்களுக்கு முந்திரி என்னும் பின்னம் நன்கு தெரியும், அது 1/320. ஒன்றை 320 முந்திரியாகக் கொண்டால், காணி 4 முந்திரி, மா 16, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160. ஒரு மாவும் ஒரு காணியும் ஒரு வீசமும் சேர்ந்தால் எவ்வளவு? 1/20, 1/80, 1/16 என்று எழுதிக் கூட்ட முற்படுவோர் சற்றுத் திணறுவர். முந்திரியாக்கினால் 16, 4, 20 சேர்ந்து 40, ஆகவே அரைக்கால். ஒரே நொடியில் விடை வந்துவிடுகிறது.

ஆயினும் 320ஐ மூன்றால் வகுக்க இயலாது. எல்லாவற்றுக்கும் ஏற்ற ஓர் எண் இல்லை என்பதற்கு நாணயங்களும் சான்று. பழைய ஆங்கில இந்திய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக 192 பை. அதை மூவர் சமமாகப் பங்கிடலாம்; ஐவர் பங்கிட இயலாது. வித்துரா அடங்கிய திருவிதாங்கூர் சமஸ்தானத்திலோ ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு; ஆக 448 காசு. அங்கே ஏழில் ஒரு பங்கு சரியாக 4 சக்கரம். அதற்குப் பணம் என்று தனிப்பெயரும் இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் வழங்கிவரும் நூறு பைசா ரூபாயை ஐந்தாகப் பங்கிடலாம். மூன்றாகவும் ஏழாகவும் பங்கிட இயலாது. 192, 320, 448 ஆகிய மூன்றும் 64இன் மடங்குகள்: முறையே மூன்று, ஐந்து, ஏழு மடங்கு. 64ஐ மீண்டும் மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போகலாம். மற்றோர் எண் எந்தப் பங்கீடு வேண்டுமென்பதைக் காட்டுகிறது.

ஆகவே பழக்கம் காரணமாக எப்போதும் 100ஐ எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. சதவீதமாகக் கூறப்பட்டால் 100 நன்று. மூன்றில், நாலில், ஆறில் பங்கெனின் 12 போதும். கணக்கைப் படித்தபின் எண்ணைத் தேர்க.

உலர்த்தும் பொருள்களின் கணக்கு

வித்துராவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ரப்பரும் மிளகும் பயிராகின்றன. அதற்கு மேலுள்ள போனக்காட்டில் ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைத் தோட்டம் அமைந்தது. இம்மூன்றுமே ஈரத்தோடு பறித்து அல்லது வடித்து, பின்னர் உலர்த்தப்படும் பொருள்கள். இவற்றில் எழும் பின்னக் கணக்குகள் பள்ளிப் பரீட்சையோடு நிற்பவையல்ல. குடும்பத்தின் வருவாயைத் தொடுபவை.

முதலில் தேயிலை. பறித்த கொழுந்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர் உள்ளது என்க. அதை வாட்டியபின் நீர் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்தது. கொழுந்தின் எடையில் எவ்வளவு குறைந்திருக்கும்? "நீர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, எடையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்" என்று விடை கூறத் தோன்றும். 100 கிலோ எனக் கொண்டு பார்ப்போம். நீர் 80 கிலோ. நீரல்லாத திடப்பொருள் 20 கிலோ. வாட்டும்போது வெளியேறுவது நீர் மட்டுமே. திடப்பொருள் 20 கிலோ அப்படியே இருக்கும். வாட்டியபின் அது ஐந்தில் இரண்டு பங்கு. 20 கிலோ ஐந்தில் இரண்டு பங்காயின் மொத்தம் 50 கிலோ. எடை ஐந்தில் நான்காக அன்று, சரிபாதியாகக் குறைந்துவிட்டது. முதலில் கூறிய ஐந்தில் நான்கு வேறொரு முழுப்பொருளின் பங்கு. பின்னர் கூறிய ஐந்தில் மூன்று வேறொரு முழுப்பொருளின் பங்கு. இவ்விரண்டையும் நேரே கழித்தல் முறையன்று. எண் ஒன்றை வைத்துச் செய்தவுடன் அத்தவறு தானே வெளிப்படுகிறது.

அடுத்து ரப்பர். மரத்தை வெட்டிச் சிரட்டையில் வடிக்கும் பாலில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் வரை உலர் ரப்பர் இருக்கும். இது மரத்துக்கு மரமும், பருவத்துக்குப் பருவமும் மாறும். பாலுக்குரிய விலை அதிலடங்கிய உலர் ரப்பரைப் பொறுத்தே அமைய வேண்டும். ஒரு சிறு தோட்டக்காரரின் பாலில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு உலர் ரப்பர் உள்ளது என்க. ஒரு நாள் சிரட்டைகளில் மழைநீர் விழுந்து, அது நாலில் ஒரு பங்காயிற்று. அன்று பாலின் எடை எவ்வளவு கூடியிருக்கும்? கிலோ ஒன்றுக்கு விலையை எவ்வளவு குறைப்பது நியாயம்?

மூன்றாலும் நாலாலும் வகுபடும் 12ஐ எடுத்துக்கொள்வோம். மழைநீர் கலவாத பால் 12 கிலோ. உலர் ரப்பர் 4 கிலோ. மழை பெய்த அன்றும் உலர் ரப்பர் அதே 4 கிலோதான். அது நாலில் ஒரு பங்காதலால் பால் 16 கிலோ. எடை மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. வழக்கமான விலையையும் ஏற்ற எண்ணாகவே கிலோவுக்கு 3 எனக் கொள்வோம். 12 கிலோவுக்குக் கிடைப்பது 36. உலர் ரப்பர் மாறாமையால் மழை நாளிலும் 36 கிடைக்க வேண்டும். 36ஐ 16ஆல் வகுத்தால் 2¼. ஆகவே விலையில் குறைக்க வேண்டியது கால் பங்கு மட்டுமே.

இப்போது வாங்குபவர், "பால் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, ஆகவே விலையை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறேன்" என்று கூறினால், அது காதுக்கு நியாயமாகவே ஒலிக்கும். கணக்கிட்டுப் பாருங்கள். விலை 3லிருந்து 2 ஆகும். 16 கிலோவுக்கு 32 கிடைக்கும். 36இல் 4 போயிற்று. தோட்டக்காரர் ஒன்பதில் ஒரு பங்கை இழக்கிறார். அவருடைய தோட்டம் எவ்வளவு பெரிது, அன்றைய விலை என்ன என்பவை ஒன்றும் நமக்குத் தெரியாது; ஆயினும் அவர் இழந்தது ஒன்பதில் ஒரு பங்கு என்று உறுதியாகக் கூறிவிடுகிறோம். மறுபுறம், விலை கால் பங்கு குறைந்ததைக் கண்டு தாம் ஏமாற்றப்பட்டதாகத் தோட்டக்காரர் எண்ணினாலும் அது தவறாகும். மூன்றில் ஒரு பங்கு கூடுதலும் நாலில் ஒரு பங்கு குறைதலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒரு துண்டுத் தாளும் 12 என்னும் எண்ணும் இருந்தால் இருவருக்குமிடையே வழக்கு எழ இடமில்லை.

முறை பலிக்காத இடங்கள்

மீண்டும் பொன்முடி பஸ்ஸைக் கவனிப்போம். அது மேலே அரைமணி நேரம் தங்குகிறது என்றும், அந்நேரத்தையும் சேர்த்துச் சராசரி வேகம் காண வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். தூரம் 60 எனின் மொத்த நேரம் ஐந்தரை மணி. சராசரி வேகம் சுமார் 21.8. தூரம் 30 எனின் மொத்தம் 3 மணி. சராசரி வேகம் 20. விடைகள் மாறுபடுகின்றன. காரணம், தூரம் பாதியானபோது தங்கும் நேரம் பாதியாகவில்லை. மாறாத அளவு ஒன்று இடையில் புகுந்தவுடன் நேர் விகிதம் முறிந்துவிடுகிறது. இங்கே உண்மைத் தூரம் தெரிந்தாலன்றி விடை கூற இயலாது.

உண்மை அளவைக் கேட்கும் கணக்குகளில் மாறாத அளவு வந்தால், ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களைக் கொண்டு செய்யலாம். ஒருவர் தம் மிளகில் மூன்றில் ஒரு பங்கை விற்றார். வீட்டுக்கு 5 கிலோ எடுத்துவைத்தார். எஞ்சியதில் பாதியை விற்றார். 20 கிலோ மீந்தது. முதலில் இருந்தது எவ்வளவு? 30 எனக் கொண்டால் மீதி 7½. 60 எனக் கொண்டால் மீதி 17½. தொடக்கத்தில் 30 கூட்டியதால் முடிவில் 10 கூடியது. அஃதாவது மூன்றுக்கு ஒன்று. இன்னும் 2½ வேண்டும். ஆகவே தொடக்கத்தில் 7½ கூட்டுக. விடை 67½ கிலோ. சீனாவின் தொன்மையான "ஒன்பது அத்தியாயங்கள்" என்னும் கணித நூலில் இம்முறைக்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. அரபு நாட்டுக் கணித அறிஞர்களும் இதைக் கையாண்டனர்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. இரண்டு எண்கள் ஒரே விடை தந்தமையால் மட்டும் அவ்விடை எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தல் ஆகாது. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அவ்வெண்ணைக் கழித்து 41ஐக் கூட்டினால், 1 முதல் 40 வரை ஒவ்வொரு முறையும் பகா எண்ணே கிடைக்கிறது. 41இல் அது பொய்த்துவிடுகிறது; அப்போது கிடைப்பது 41இன் வர்க்கம். நாற்பது சான்றுகளும் நிரூபணமாகவில்லை. விடைகள் மாறுபட்டால் தகவல் போதாது என்பது உறுதி. மாறுபடாவிடின், அளவுகள் நேர் விகிதத்தில் உள்ளனவா என்று காரணத்தைத் தேடிப் பார்த்தல் வேண்டும். எண்ணை நாம் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம். காரணத்தை அவ்வாறு தேர்ந்துகொள்ள இயலாது.

வித்துராவில் மருதமலைச் சரிவில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கான இந்நிறுவனம் 2008இல் தொடங்கப்பட்டது. இத்தகைய நிறுவனங்களில் பௌதிகம் பயிலும் மாணவர், விநாடிக்கு 29,97,92,458 மீட்டராகிய ஒளியின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டு பல பக்கங்கள் கணக்கிடுவர். இறுதியில் அதை உரிய இடத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்வர். ஏழை எடுத்துக்கொண்ட எகிப்திய எழுத்தரும், அறுபதை எடுத்துக்கொண்ட நாமும் செய்தது இதுவே.

பயிற்சி

1. ஒரு வண்டுக்கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு வேறொரு மலருக்கும் சென்றன. இவ்விரு பங்குகளின் வித்தியாசத்தைப்போல் மும்மடங்கு மூன்றாவது மலருக்குச் சென்றது. ஒரு வண்டு எஞ்சியது. வண்டுகள் எத்தனை? (லீலாவதிக் கணக்கு.)

2. பச்சை மிளகில் பத்தில் ஏழு பங்கு நீர். உலர்ந்த மிளகில் பத்தில் ஒரு பங்கு நீர். உலர்ந்தபின் எடை முன்னிருந்ததில் எத்தனை பங்கு?

3. அரிசியின் விலை கால் பங்கு உயர்ந்தது. செலவு கூடாதிருக்க, வாங்கும் அளவை எத்தனை பங்கு குறைக்க வேண்டும்?

4. ஒரு வேலையை ஒருவர் 4 நாளிலும், மற்றவர் 6 நாளிலும், மூன்றாமவர் 12 நாளிலும் முடிப்பர். மூவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?

5. ஒரு பள்ளியில் மாணவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினரும், மாணவிகளில் பாதிப் பேரும் விளையாட்டில் சேர்ந்தனர். பள்ளி முழுவதிலும் சேர்ந்தோர் எத்தனை பங்கு?

விடைகள்: 1. 15 எனக் கொண்டால் 3, 5, 6 போக 1 எஞ்சும், ஆகவே 15. 2. 30 கிலோ எனக் கொண்டால் திடப்பொருள் 9. உலர்ந்த மிளகு 10. ஆகவே மூன்றில் ஒரு பங்கு. 3. கிலோவுக்கு 4 என்னும் விலை 5 ஆயிற்று எனவும் செலவு 20 எனவும் கொண்டால், 5 கிலோ 4 கிலோவாகும்; ஆகவே ஐந்தில் ஒரு பங்கு. 4. வேலையை 12 கூறாகக் கொண்டால் நாளொன்றுக்கு 3, 2, 1 சேர்ந்து 6 கூறு. ஆகவே 2 நாள். 5. தகவல் போதாது. மாணவர் 10, மாணவியர் 10 எனக் கொண்டும், பிறகு மாணவர் 10, மாணவியர் 20 எனக் கொண்டும் செய்து பார்த்து, விடை மாறுவதை அறிக.